கவர்ல இருக்கற அஞ்சு மாத்திரையும் எதுக்கு? ஐபிஎஸ்ங்கற குடல் தொல்லைக்கான மருந்துங்க பத்தி

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும் இல்லையா. உங்களுக்கு 34 வயசு, மும்பை பக்கம் டோம்பிவிலியில வீடு, சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். ரெண்டு வருஷம் முன்னாடி திருநெல்வேலியில ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆச்சு, நாலு நாள் பேதி போய் நின்னுச்சு, ஆனா வயிறு பழைய நிலைக்கு வரவே இல்ல. காலையில மூணு நாலு தடவை, வயித்தைப் பிசையற மாதிரி வலி, போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்குது, திரும்பவும் கலக்குது. டாக்டர் ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்னு சொல்லி அஞ்சு மாத்திரை எழுதினார். மெபெவெரின், குளோர்டயஸெபாக்சைடு கலந்த ஒரு காம்பினேஷன், பான்டோப்ரசோல், ஒரு ப்ரோபயாடிக், ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10. கடைசி மாத்திரையை கூகுள்ல தேடினா டிப்ரஷன் மருந்துன்னு வந்துச்சு, கோவத்துல தூக்கி வச்சுட்டீங்க. இது போதாதுன்னு ட்ரெயின் ஏறும்போது தினமும் பேதியை அடக்கற லோபெரமைடு ஒண்ணு நீங்களா போட்டுக்கறீங்க. கடைசியா ஒரு வரி, "அண்ணிக்கும் இதே ப்ராப்ளம்தான், ஆனா அவங்களுக்கு மலச்சிக்கல், என் மாத்திரையையே அவங்களும் எடுக்கலாமா".

அந்தக் கடைசி வரிக்கு பதில் முதல்ல. எடுக்கக் கூடாது. ஏன்னு கீழ வரும், அதுவரைக்கும் அண்ணி உங்க ஸ்ட்ரிப்பைத் தொடாம பாத்துக்கோங்க.

நான் டாக்டர் இல்ல, பார்மசிஸ்ட். 22 வருஷமா மும்பையில மருந்துக் கவுண்டர்ல நிக்கறேன், இப்ப செம்பூர்ல. வயித்துக்கு மாத்திரை வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு கையில இருக்கறது எதுக்குன்னு தெரியாது, அது அவங்க தப்பு இல்ல. இங்க பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பை நாலு, ஆறுன்னு வெட்டிக் குடுக்கறாங்க, பேரு இருக்கற பக்கம் கடையிலயே நின்னுடும், வீட்டுக்கு வர்றது வெறும் வெள்ளிக் கலர் ஃபாயில். "அந்த மஞ்ச மாத்திரை", "அந்த சின்ன வெள்ளை மாத்திரை"ன்னுதான் கேப்பாங்க. அதனால உங்க கவரைப் பிரிச்சு ஒவ்வொண்ணும் என்ன வேலைக்கு வந்திருக்குன்னு சொல்றேன். எதை நிறுத்தறது எதை கூட்டறதுன்னு முடிவு பண்றது உங்க டாக்டர்தான், ஆனா இதைத் தெரிஞ்சுட்டு அவர் முன்னாடி உக்காந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும். ஐபிஎஸ்சை மொத்தமா குணமாக்கற மாத்திரைன்னு ஒண்ணு கிடையாது. வலிக்கு ஒண்ணு, பேதிக்கு ஒண்ணு, மலச்சிக்கலுக்கு ஒண்ணு, குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓவரா சத்தம் போடற நரம்பை அமைதிப்படுத்த ஒண்ணுன்னு தனித்தனியாதான் இருக்கு. "ஐபிஎஸ்க்கு என்ன மாத்திரை நல்லது"ன்னு கேட்டா பதில் கிடைக்காது, "எனக்கு தினமும் அதிகமா தொல்லை குடுக்கறது எது"ன்னு கேட்டா கிடைக்கும். உங்க விஷயத்துல ரெண்டு, காலையில வர்ற அவசரமும் அந்தப் பிசையற வலியும்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னும் ஒரு வார்த்தை. குடல்ல தொத்து வந்து போனவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு ஐபிஎஸ் ஒட்டிக்குது, கிருமி போயிடும், ஆனா குடல் நரம்புங்க உஷார் நிலையிலேயே நின்னுடும், சாதாரண காத்து அசைஞ்சாலும் வலின்னு மூளைக்குச் சொல்லும். அதனாலதான் ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல்னு வருது, ஆனா வலி நிஜம். "ரிப்போர்ட் நார்மல், அப்ப மனசுலதான் ப்ராப்ளம்"னு வீட்ல யாராவது சொன்னா நம்பாதீங்க. டாக்டருங்க இதைக் கணிக்க 2016ல வந்த ரோம் 4 விதியைத்தான் பாக்கறாங்க, கடைசி மூணு மாசத்துல சராசரியா வாரத்துக்கு ஒரு நாளாவது வயித்து வலி, அது மோஷன் போறதோட சம்பந்தப்பட்டிருக்கணும், இல்ல எத்தனை தடவை போறோம், எப்படிப் போகுதுங்கறது மாறியிருக்கணும், இந்த மூணுல ரெண்டு, தொல்லை ஆரம்பிச்சு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும்.

இப்ப மெபெவெரின். இது குடல் தசையோட இறுக்கத்தைத் தளர்த்தற மருந்து. வலிக்கும் பிசையறதுக்கும்தான் இது, பேதியை நிறுத்த இல்ல. நிறைய பேர் சாப்பிட்டு முடிச்சு தண்ணி குடிக்கும்போது சேத்துப் போட்டுக்கறாங்க, நீங்களும் அப்படித்தான்னு எழுதியிருக்கீங்க. சாப்பாட்டுக்கு சுமார் 20 நிமிஷம் முன்னாடி போடணும், ஏன்னா வயித்துல சாப்பாடு விழுந்த உடனே குடல் சுருங்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள மருந்து அங்க போய்ச் சேந்திருக்கணும். 135 மில்லிகிராம்னா நாளைக்கு மூணு வேளை, 200 மில்லிகிராம் மெதுவா கரையற வகைன்னா ரெண்டு வேளை. அந்த 200 கேப்சூலைப் பிரிச்சோ நொறுக்கியோ போடாதீங்க. ரெண்டு மூணு வாரம் ஒழுங்கா நேரத்துக்கு எடுத்துப் பாத்தும் வலியில ஒரு மாத்தமும் இல்லைன்னா இது உங்களுக்கு ஒத்துவரலைன்னு டாக்டர்கிட்ட தைரியமா சொல்லலாம். இதே குடும்பத்துல டைசைக்ளோமைன், ஹையோசின், ட்ரோட்டாவெரின்னு வேற சிலதும் இருக்கு. டைசைக்ளோமைன் வாயை உலர வைக்கும், கண்ணு மங்கும், கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் இருக்கறவங்களுக்கும் ப்ராஸ்டேட்டால ஒண்ணுக்குப் போக சிரமப்படற பெரியவங்களுக்கும் குடுக்கக் கூடாது. இன்னொண்ணு, டைசைக்ளோமைனை இங்க மெஃபெனமிக் ஆசிட்டோட சேத்து ஒரே மாத்திரையா விக்கறாங்க, பீரியட்ஸ் வலிக்கு எல்லா வீட்லயும் இருக்கும், வயித்து வலின்னாலே அதை எடுத்து நீட்டற பழக்கமும் இருக்கு. மெஃபெனமிக் ஆசிட் சிலருக்கு உடம்பு பூரா தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்பு பாதிப்புன்னு மோசமான அலர்ஜியை கொண்டுவரலாம்னு இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனே 2023 நவம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. ஐபிஎஸ் வலிக்கு அதை தினமும் போடறது சரியே இல்ல.

பெப்பர்மிண்ட் ஆயில் கேப்சூல்னு ஒண்ணும் இருக்கு, அதுவும் வலிக்கும் உப்புசத்துக்கும்தான். மேல கோட்டிங் போட்டு குடலுக்குப் போனதும் திறக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, கடிச்சா வயித்துலயே திறந்து நெஞ்செரிச்சல் வரும். புதினா சட்னி சாப்பிட்டா இதே பலன் வருமான்னு கேக்கறாங்க, வராது.

அடுத்தது அந்த காம்பினேஷன், இதுக்குதான் எனக்குக் கவலை ஜாஸ்தி. குளோர்டயஸெபாக்சைடுங்கறது தூக்க மாத்திரை, பதட்ட மாத்திரை வகையைச் சேந்தது, பென்சோடயஸெபைன் குடும்பம். இதை வயித்து மருந்தோட கலந்து நம்ம ஊர்ல ரொம்ப சகஜமா எழுதறாங்க, ஒரு வகையில கிளிடினியம், டைசைக்ளோமைன் கூட வரும், இன்னொரு வகையில மெபெவெரின் கூட வரும். நீங்க ஏற்கனவே தனியா ஒரு மெபெவெரின் எடுக்கறீங்க, அதனால உங்க காம்பினேஷன்லயும் மெபெவெரின் இருக்கான்னு ஸ்ட்ரிப்பைத் திருப்பி ஃபோன் டார்ச் அடிச்சுப் பாருங்க, எழுத்து எறும்பு சைஸ்லதான் இருக்கும். இருந்தா ஒரே மருந்தை ரெண்டு பேர்ல எடுத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம், இந்த மாதிரி நான் மாசத்துக்கு ரெண்டு மூணு சீட்டாவது பாக்கறேன்.

ரெண்டு மூணு வாரத்துக்கு, வலி உச்சத்துல இருக்கும்போது இதைக் குடுக்கறதுல ஒரு நியாயம் இருக்கலாம். ஆனா நீங்க அஞ்சு மாசமா தினமும் ரெண்டு வேளை எடுக்கறதா எழுதியிருக்கீங்க, பழைய சீட்டைக் காட்டி திரும்பத் திரும்ப வாங்கறீங்க. உடம்பு இதுக்குப் பழகிடும். ஒரு நாள் மறந்தா கை நடுங்குது, எரிச்சல் வருது, தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு "பாத்தியா, மாத்திரை இல்லைன்னா எனக்கு ஐபிஎஸ் அதிகமாகுது"ன்னு நினைப்பாங்க, அது ஐபிஎஸ் இல்ல, மாத்திரை விட்ட வினை. இதைப் படிச்சுட்டு நாளைக்கே டப்புனு நிறுத்தவும் கூடாது தம்பி, மாசக்கணக்கா எடுத்ததை திடீர்னு நிறுத்தினா சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர்கிட்ட "இதை மெதுவா குறைச்சு நிறுத்தணும், எப்படின்னு எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. அதுவரைக்கும் ஸ்டேஷனுக்கு பைக் ஓட்டறதை விட்டுட்டு ஆட்டோவுல போங்க, இதோட மதுவும் சேரவே கூடாது.

பான்டோப்ரசோல் ஆசிடைக் குறைக்கற மாத்திரை. உங்களுக்கு நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் எதுவும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இது எதுக்கு? ஐபிஎஸ்க்கும் ஆசிடுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, சிலருக்கு இந்த வகை மாத்திரையே லூஸ் மோஷனைக் கொண்டுவரும். "எனக்கு இது தேவையா"ன்னு கேட்டா டாக்டர் கோச்சுக்க மாட்டார். இங்கயே இன்னொண்ணும் சொல்லிடறேன், ரேபெப்ரசோலோட லெவோசல்பிரைடுன்னு ஒண்ணைச் சேத்து "கேஸ் மாத்திரை"ன்னு நிறைய குடுக்கறாங்க. ஒரு பொண்ணு மூணு மாசமா பீரியட்ஸ் வரலைன்னு பயந்து ப்ரெக்னன்சி கிட் வாங்க எங்க கவுண்டருக்கு வந்துச்சு, கல்யாணமே ஆகலை, அம்மா கூட வந்து தலை குனிஞ்சு நிக்குது. வேற என்ன மாத்திரை எடுக்கறேன்னு கேட்டா பையில இருந்து இதை எடுத்துக் காட்டுது. லெவோசல்பிரைடு ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோனை ஏத்தும், அதனால பீரியட்ஸ் தள்ளும், மார்புல பால் மாதிரி கசியும், வயசானவங்களுக்கு கை நடுக்கம் கூட வரும். டாக்டர்கிட்ட திரும்ப அனுப்பினோம், நிறுத்தின கொஞ்ச நாள்ல சரியாச்சு. அந்தப் பொண்ணு அத்தனை நாள் பட்ட அவஸ்தையை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆறலை, எழுதும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

ப்ரோபயாடிக் பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. சிலருக்கு உப்புசம் குறையுது, கெடுதல் கம்மி, விலை ஜாஸ்தி. 2021ல அமெரிக்க கேஸ்ட்ரோ டாக்டருங்க சங்கம் ஐபிஎஸ்க்கு இதைப் பரிந்துரைக்கற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னு சொல்லிச்சு. நாலு வாரம் ஒரே பிராண்டை எடுங்க, மாத்தம் இல்லைன்னா அந்தக் காசை மிச்சம் பிடிங்க, வீட்டுத் தயிர் உங்களுக்கு ஒத்துக்கிட்டா அது போதும்.

இப்ப நீங்க தூக்கி வச்ச அமிட்ரிப்டிலின். அஞ்சுல உங்களுக்கு ரொம்ப உதவக்கூடியது இதுதான்னு நான் நினைக்கறேன், அதைத்தான் நீங்க தொடவே இல்ல. டிப்ரஷனுக்கு வந்த பழைய மருந்துங்கறது உண்மை. ஆனா டிப்ரஷனுக்கு 75, 100, 150 மில்லிகிராம்னு குடுப்பாங்க. உங்களுக்கு எழுதியிருக்கறது 10. அந்த அளவுல அது மனசுக்கு வேலை செய்யறது இல்ல, குடல்ல இருந்து மூளைக்குப் போற வலிச் செய்தியைத் தணிக்குது, கூடவே குடலோட ஓட்டத்தையும் கொஞ்சம் மெதுவாக்குது, பேதி வகைக்கு அந்தப் பக்கவிளைவே லாபம். நம்ம உடம்புல இருக்கற செரட்டோனின்ல 90 சதவீதம் கிட்ட குடல்லதான் இருக்கு, தலையில இல்ல, அதனால "மூளை மருந்து", "வயித்து மருந்து"ன்னு நாம போடற கோடெல்லாம் உடம்புக்குத் தெரியாது. இங்கிலாந்துல அட்லாண்டிஸ்னு ஒரு ஆய்வு, 2023ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, 463 ஐபிஎஸ் நோயாளிங்க, சாதாரண குடும்ப டாக்டர்கிட்ட போறவங்கதான். ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, தேவைப்பட்டா 30 வரைக்கும் மெதுவா ஏத்திக்கிட்டாங்க, ஆறு மாசம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்களை விட இவங்களுக்கு தொல்லை நல்லாவே குறைஞ்சுது.

ஆனா இது மறுநாளே வேலை செய்யாது. முதல் வாரம் காலையில தூக்கக் கலக்கம், வாய் உலர்றது மட்டும்தான் தெரியும், பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும், நிறைய பேர் அந்த முதல் வாரத்துலயே விட்டுடறாங்க. படுக்கப் போற கடைசி நிமிஷத்துல போடாம ராத்திரி எட்டு எட்டரைக்கே போட்டா காலையில கலக்கம் குறையும், உங்களை மாதிரி அஞ்சரைக்கு எழுந்திருக்கறவங்களுக்கு இது முக்கியம். இதய ப்ராப்ளம், கிளாக்கோமா இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், ஈசிஜி ஒண்ணு எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க. அந்த காம்பினேஷன் கூட சேந்தா தூக்கமும் வாய் உலர்றதும் ரெண்டு மடங்காகும், அதனால எதை முதல்ல குறைச்சு எதை ஆரம்பிக்கறதுன்னு டாக்டர்கிட்ட ஒரே உக்காரல்ல பேசி முடிங்க.

லோபெரமைடுக்கு வரேன். டோம்பிவிலியில இருந்து சிஎஸ்எம்டி ஒரு மணி நேரத்துக்கு மேல, லோக்கல் ட்ரெயின்ல டாய்லெட் கிடையாது, கூட்டத்துல நடுவுல மாட்டிக்கிட்டா தானேயில இறங்கக்கூட முடியாது. எங்க கவுண்டருக்கு வர்ற ஒருத்தர் தானே, காட்கோபர், குர்லா, தாதர்னு எந்த பிளாட்பாரத்துல எந்தப் பக்கம் டாய்லெட்னு மனப்பாடமா வச்சிருக்கார், தாதர்ல மட்டும் பிரிட்ஜ் ஏறி இறங்கணும்னு சொல்லும்போது அவர் முகத்துல தெரிஞ்ச பயத்தை நான் பாத்திருக்கேன். அதனால நீங்க மாத்திரை போட்டுட்டு ஏறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஐபிஎஸ் பேதிக்கு லோபெரமைடை டாக்டருங்களே எழுதறாங்க, வழக்கமான அளவுல மூளைக்குப் போகாது, குடல் ஓட்டத்தை மெதுவாக்கி தண்ணியை உறிஞ்ச விடும், அவ்வளவுதான். வலியைக் குறைக்காது, அதனால "இதைப் போட்டும் வயிறு பிசையுதே"ன்னு இன்னொண்ணு போடாதீங்க.

நீங்க பண்ற தப்பு நேரத்துல. பிளாட்பாரத்துல நின்னு 7.12 ட்ரெயின் வரும்போது வாயில போட்டா அது வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள முலுண்ட் ஸ்டேஷன் தாண்டிடும். வீட்ல எழுந்த உடனே, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரமாவது முன்னாடி 2 மில்லிகிராம் ஒண்ணு. சிலருக்கு பாதி டோஸே போதும், சிலர் ராத்திரி படுக்கும்போது எடுத்தா காலை அவசரம் குறையுது, உங்களுக்கு எது ஒத்துவருதுன்னு ஒரு வாரம் பாருங்க. டாக்டர் சொல்லாம நாளைக்கு நாலு மாத்திரைக்கு மேல, அதாவது 8 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. அதிக அளவுல எடுத்தா இதயத் துடிப்பே தாறுமாறாகும்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016ல எச்சரிச்சிருக்கு. காய்ச்சல் இருந்தாலோ மோஷன்ல ரத்தம் வந்தாலோ இதைத் தொடவே கூடாது.

உங்க கவர்ல இல்லாத ரெண்டு மூணு மருந்து பத்தியும் கேட்டிருந்தீங்க. ரிஃபாக்சிமின்ங்கறது குடலை விட்டு ரத்தத்துல பெருசா கலக்காத ஆன்டிபயாடிக், பேதி வகை ஐபிஎஸ்க்கு 2015ல எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, 550 மில்லிகிராம் நாளைக்கு மூணு வேளை 14 நாள், மொத்தம் 42 மாத்திரை, இங்க விலை கையைக் கடிக்கும். 2011ல வந்த ஆய்வுல இதை எடுத்தவங்கள்ல நூத்துல 41 பேருக்கு நிம்மதி கிடைச்சுது, வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 32 பேருக்கு. அந்த வித்தியாசம் 9 பேர்தான், அதை மனசுல வச்சுக்கிட்டு காசு செலவு பண்றதைப் பத்தி முடிவு பண்ணுங்க. உப்புசமும் பேதியும் சேந்து இருக்கறவங்களுக்கு மத்ததெல்லாம் பாத்த பிறகு ஒரு தடவை முயற்சி பண்ணலாம், சிலருக்குத் திரும்ப வரும், திரும்பக் குடுக்கவும் செய்யறாங்க. வெறும் மாத்திரையிலயே 32 பேருக்கு எப்படி நல்லாச்சுன்னு கேக்கலாம். ஐபிஎஸ்ல அது ரொம்ப சகஜம், 2010ல ஹார்வர்ட்ல 80 பேரை வச்சு ஒரு ஆய்வு, பாதிப் பேருக்கு "இதுல மருந்தே இல்ல, வெறும் மாத்திரைதான்"னு சொல்லியே குடுத்தாங்க, அப்பவும் எதுவும் எடுக்காதவங்களை விட அவங்களுக்கு நல்லா இருந்துச்சு. அதனால பக்கத்து சீட்டுக்காரர் "இந்த சூரணம் எடுத்தேன், ஒரே வாரத்துல போச்சு"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லலை, ஆனா உங்களுக்கும் அதுவே நடக்கும்னு அர்த்தம் இல்ல.

ஆண்டன்செட்ரான் வாந்தி மாத்திரைன்னு எல்லாருக்கும் தெரியும், அதோட பக்கவிளைவு மலச்சிக்கல், அதையே பேதி வகைக்கு சாதகமா பயன்படுத்தறாங்க, அவசரம் நல்லா குறையும், வலி பெருசா குறையாது. இதயத் துடிப்பு விஷயத்துல அமிட்ரிப்டிலினோட சேரும்போது கவனம் வேணும், நீங்களா ஆரம்பிக்காதீங்க. இதே வழியில வேலை செய்யற அலோசெட்ரான் அமெரிக்காவுல 2000ல வந்து, குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு சிலர் இறந்ததால அதே வருஷம் திரும்ப எடுத்தாங்க, 2002ல கடுமையான நிபந்தனையோட விட்டாங்க. மலச்சிக்கல் வகைக்கு வந்த டெகாசெராடை நம்ம அரசாங்கம் 2011ல தடை பண்ணிச்சு. ஐபிஎஸ் உயிரை எடுக்கற நோய் இல்ல, அதனால அதுக்குக் குடுக்கற மருந்துலயும் உயிர் பயம் இருக்கக் கூடாதுங்கறது இந்த ரெண்டு கதையிலயும் தெரியுது.

அப்புறம் ஆன்டிபயாடிக். ரெண்டு வருஷத்துல நாலு தடவை "அமீபா இருக்கு"ன்னு மெட்ரோனிடசோலும் ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோலும் எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. ஸ்டூல் டெஸ்ட்ல அமீபான்னு ரிப்போர்ட் இருந்துச்சான்னு கேட்டா இல்லைங்கறீங்க. இனிமே ரிப்போர்ட் இல்லாம அதை வாங்கவே வாங்காதீங்க. ஒவ்வொரு தடவையும் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் சேத்து அடிச்சுட்டு, அப்புறம் காசு குடுத்து ப்ரோபயாடிக் வாங்கறோம்.

சாப்பாடு பத்தி நீங்க கேக்கலை, ஆனா மருந்தைப் பாதியா குறைக்கக்கூடியது அதுதான், அதனால கொஞ்சம். ஸ்டேஷன் வாசல்ல வடாபாவ் காலை டிஃபன்னு எழுதியிருக்கீங்க. மைதா பாவ், பொரிச்ச கடலைமாவு, மேல பூண்டு சட்னி, கூட கட்டிங் சாய்னு குடலுக்கு வாயுவைக் கிளப்பற அத்தனையும் ஒரே பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க. வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மா, கொண்டைக்கடலை, பால், இதெல்லாம் ஃபாட்மேப்னு சொல்ற புளிக்கற சர்க்கரை நிறைய இருக்கறது, இந்த முறையை ஆஸ்திரேலியாவுல மோனாஷ் யுனிவர்சிட்டியில உருவாக்கினாங்க. நாலுல இருந்து ஆறு வாரம் நிறுத்திப் பாத்துட்டு ஒவ்வொண்ணா திரும்பச் சேத்து எது ஆகலைன்னு கண்டுபிடிக்கணும், வாழ்க்கை பூரா எல்லாத்தையும் விடறதுக்கு இல்ல. நம்ம வீட்ல சின்ன வெங்காய சாம்பாரை விடறதுதான் கஷ்டம், மிளகு ரசமும் சாதமும் பெரும்பாலும் ஒத்துக்கும். கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடி கோதுமை குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் இருக்கான்னு பாக்கற டிடிஜி ரத்த டெஸ்ட்டை எடுத்துடுங்க, நிறுத்தின பிறகு எடுத்தா டெஸ்ட் பொய்யா நார்மல்னு காட்டும். உங்க பித்தப்பையை எடுத்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பேதி வகைன்னு சொல்ற சிலருக்கு நிஜத்துல பித்த உப்பு சரியா உறிஞ்சப்படாததுதான் காரணம், அதுக்கு கோலெஸ்டிரமைன்னு வேற மருந்து இருக்கு.

கடைசியா அண்ணி. அவங்களுக்கு 47 வயசு, மலச்சிக்கல் இந்த வருஷம்தான் ஆரம்பிச்சுது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை முக்கி முக்கிப் போறாங்க, வயிறு உப்பிக்குது, "கொஞ்சம் இளைச்சும் போயிட்டாங்க"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க. உங்ககிட்ட இருக்கற லோபெரமைடு, அமிட்ரிப்டிலின், அந்த காம்பினேஷன் மூணுமே மலச்சிக்கலை இன்னும் இறுக்கும், அதனாலதான் மேலயே கூடாதுன்னு சொன்னேன்.

ஐபிஎஸ்னே முடிவான மலச்சிக்கல் வகைக்கு வேற மருந்துங்க இருக்கு. முதல்ல இசப்கோல், குஜராத்ல விளையறது, எல்லா கடையிலயும் இருக்கு. 2009ல நெதர்லாந்துல 275 பேரை வச்சுப் பாத்ததுல இசப்கோல் எடுத்தவங்களுக்கு நல்லா இருந்துச்சு, கோதுமைத் தவிடு எடுத்தவங்கள்ல நிறைய பேர் தொல்லை அதிகமாகி பாதியிலயே விட்டுட்டாங்க. அதனால "நார்ச்சத்து"ன்னு சொல்லி தவிட்டைக் கரைச்சுக் குடிக்கறதை விட இதுதான் மேல். அரை ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாராவாரம் கூட்டணும், முழு டம்ளர் தண்ணியில கலக்கின உடனே குடிக்கணும், கலந்து வச்சு கெட்டியானதை விழுங்கினா தொண்டையில மாட்டும். மத்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். அது பத்தலைன்னா பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், மோஷனை இளக்கும், வலிக்கு உதவாது. லாக்டுலோஸ் சிரப் உப்புசம் இருக்கறவங்களுக்கு உப்புசத்தைக் கூட்டும். வலியும் மலச்சிக்கலும் சேந்தா லினாக்ளோடைடு, காலையில வெறும் வயித்துல, டிஃபனுக்கு அரை மணி முன்னாடி, சிலருக்கு ஆரம்பத்துல பேதி ஆகும். லூபிப்ரோஸ்டோன் சாப்பாட்டோட எடுக்கணும், இல்லைன்னா குமட்டும், கர்ப்பமா இருந்தா கூடாது.

ஆனா தம்பி, அண்ணிக்கு இதுல எதையும் இப்ப வாங்காதீங்க. 45 தாண்டி புதுசா வர்ற மலச்சிக்கலும் எடை குறையறதும் சேந்தா அதுக்கு ஐபிஎஸ்னு பேர் வைக்க யாருக்கும் உரிமை இல்ல, டெஸ்ட் பண்ணிதான் ஆகணும். மும்பையில குடல் டிபி நிறைய பாக்கறோம், அதுவும் இப்படித்தான் வயித்து வலி, உடம்பு இளைக்கறது, சாயங்காலம் லேசா காய்ச்சல்னு ஆரம்பிக்கும், பெருங்குடல்ல கட்டி இருக்கலாம், ஓவரி பக்கம் ஏதாவது இருக்கலாம், இல்ல வெறும் தைராய்டு குறைவா இருக்கலாம், அது ஒரு ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுடும். அயர்ன், கால்சியம் மாத்திரை எடுக்கறாங்களான்னும் கேளுங்க, ரெண்டும் மலத்தை இறுக்கும். மோஷன்ல ரத்தமோ கருப்போ இருக்கா, ராத்திரி வலியில எழுந்திருக்கறாங்களா, அவங்க வீட்ல யாருக்காவது குடல் கேன்சர் இருந்துச்சான்னு நீங்க கேட்டா சொல்லக் கூச்சப்படுவாங்க, உங்க மனைவியை விட்டுக் கேளுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, வயித்து ஸ்கேன் இந்த வாரமே எடுத்துட்டு கேஸ்ட்ரோ டாக்டரைப் பாருங்க, கொலோனோஸ்கோபி சொன்னா தள்ளிப் போடாதீங்க. வெளிய செலவு கட்டுப்படியாகலைன்னா சயான், கேஇஎம் மாதிரி முனிசிபல் ஆஸ்பத்திரியில கேஸ்ட்ரோ ஓபிடி இருக்கு, காலையில சீக்கிரம் போய் கேஸ் பேப்பர் எடுக்கணும். டோம்பிவிலியில இருந்து அவங்களைத் தனியா அனுப்பாதீங்க, ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு நீங்களோ அண்ணனோ அவங்க கூடவே போங்க, அவங்க எடுக்கற எல்லா மாத்திரையையும் வெட்டாத ஸ்ட்ரிப்பா ஒரு கவர்ல போட்டுக் கொண்டுபோங்க. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு வந்ததும் எனக்கு எழுதுங்க.